கருவிப்பெட்டியில் இருக்கும் மின்சாரம்



வடகிழக்குப் பருவமழை நெருங்கினாலே நம் அலுவலகத்துக்கு வரும் கடிதங்களில் ஒரு கேள்வி தவறாமல் இருக்கும். கரண்ட் போனால் இன்வெர்ட்டர் இல்லாத வீட்டில் என்ன செய்வது? கேட்பவர்களில் பலர் வாடகை வீட்டில் இருப்பவர்கள். இன்வெர்ட்டரையும் ஐம்பது கிலோவுக்கு மேல் எடையுள்ள அதன் பேட்டரியையும் வைக்க அவர்களுக்கு இடமும் இல்லை, அந்த அளவுக்குக் கையில் பணமும் இல்லை. பவர் பேங்க் இருக்கிறது என்பார்கள். அது போனுக்குச் சரி. ஒரு விளக்கு, வைஃபை ரூட்டர், குழந்தை தூங்க ஒரு சின்ன ஃபேன் என்று கேட்டால் சாதாரண பவர் பேங்க் கை விரித்துவிடும்.

கேட்டவர்களில் சிலருடைய வீட்டிலேயே பதில் இருக்கிறது. தச்சு வேலை, ஏ.சி. பொருத்தும் வேலை, ஃபால்ஸ் சீலிங், மாடுலர் கிச்சன், சி.சி.டி.வி. கேமரா மாட்டுகிற வேலை செய்பவர்கள் பலரிடமும் இன்று பேட்டரி டிரில் இருக்கிறது. ஒன்றுக்கு இரண்டு பேட்டரி வைத்திருப்பார்கள். ஒன்று வேலை செய்யும்போது மற்றது சார்ஜ் ஆகும். மாலையில் கருவிப்பெட்டியை மூடி வைத்த பிறகு அந்த இரண்டு பேட்டரிகளும் சும்மா கிடக்கின்றன. அவற்றிலிருந்து பாதுகாப்பாக மின்சாரம் எடுக்க ஒரு சிறிய அடாப்டரை நாமே செய்துகொள்வது எப்படி என்று இந்த மாதம் உங்களோடு பேச வேண்டும்.

'பாதுகாப்பாக' என்ற சொல்லைப் போகிற போக்கில் போடவில்லை. இந்தப் பக்கத்தில் பாதி இடத்தை அதற்குத்தான் கொடுக்கப் போகிறேன்.

முதலில் பேட்டரியைத் தெரிந்துகொள்வோம். 18 வோல்ட் என்று எழுதியிருக்கும் பேட்டரிக்குள் ஐந்து லித்தியம் அயான் செல்கள் வரிசையாக இணைக்கப்பட்டிருக்கும். ஒரு செல்லின் சராசரி வோல்டேஜ் 3.6, ஐந்துக்கும் சேர்த்து 18. முழுதாகச் சார்ஜ் ஆனதும் ஒவ்வொரு செல்லும் 4.2 வோல்ட் வரை ஏறும்; அப்போது மொத்தம் 21. அமெரிக்காவில் டிவால்ட் நிறுவனம் '20 வோல்ட் மேக்ஸ்' என்ற பெயரில் விற்பதும், அதே நிறுவனம் ஐரோப்பாவில் 18 வோல்ட் என்று விற்பதும் உள்ளே பார்த்தால் அதே ஐந்து செல்தான். நம் ஊர் ஆன்லைன் கடைகளில் 48, 88 என்றெல்லாம் பெரிய எழுத்தில் போட்ட மலிவு விலை டிரில்கள் வருகின்றன. அவற்றில் பலவற்றின் பேட்டரியை மல்டிமீட்டரில் வைத்தால் 21-க்கு மேல் எண் ஏறாது. ஆகவே மேலே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை நம்பி எதையும் இணைக்காதீர்கள். மீட்டர் வைத்துப் பார்த்த எண்தான் கணக்கு.

ஆம்பியர் மணியிலும் இதே ஏமாற்று உண்டு. இந்த வகை பேட்டரிகளில் பரவலாக இருப்பது 18650 என்ற செல். 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம். உலகின் நல்ல கம்பெனிகள் செய்யும் 18650 செல்லே ஏறக்குறைய மூன்றரை ஆம்பியர் மணிக்கு மேல் தாங்காது. ஒற்றை அடுக்காக ஐந்து செல் மட்டும் இருக்கிற மெலிந்த பேட்டரியில் 6 ஆம்பியர் மணி என்று எழுதியிருந்தால் அது பொய். அதைவிடப் பருத்த செல்கள் வைத்த பேட்டரிகளும் இப்போது வருகின்றன. அவற்றிலும்கூட ஒற்றை அடுக்கில் பொதுவாக ஆறு வராது.

நம் கையில் இருப்பது உண்மையான 4 ஆம்பியர் மணி பேட்டரி என்று வைத்துக்கொள்வோம். 18-ஐ 4-ஆல் பெருக்கினால் 72 வாட் மணி. வோல்டேஜைக் குறைக்கும் மாட்யூலில் சூடாகப் போவது போக அறுபது நமக்கு மிஞ்சும். 12 வோல்ட்டில் எரியும் 5 வாட் எல்.இ.டி. பல்பு பன்னிரண்டு மணி நேரம் எரியும். அதோடு 8 வாட் இழுக்கும் ரூட்டரையும் சேர்த்தால் நாலரை மணி நேரம். 15 வாட் டி.சி. மேசை ஃபேன் மட்டும் என்றால் நான்கு மணி நேரம். 5000 மில்லியாம்பியர் மணி போனை இரண்டரை, மூன்று தடவை நிரப்பலாம். பேட்டரி இரண்டு இருந்தால் எல்லாம் இரட்டிப்பு. மிக்சி, அயர்ன் பாக்ஸ், ஃபிரிட்ஜ் இந்தக் கணக்கில் வரவே வராது. அதைப் பற்றிக் கேட்டு யாரும் எழுத வேண்டாம்.

கேட்க இது சின்ன உதவியாகத் தெரியலாம். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்த பிறகு டெல்டா கிராமங்கள் எத்தனை நாள் இருட்டில் கிடந்தன என்பதை அங்கே இருந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஜெனரேட்டர் வைத்திருந்த இடங்களில் போனுக்குச் சார்ஜ் போட ஆட்கள் காத்துக் கிடந்தார்கள். 2022-இல் இலங்கையில் ஒரே நாளில் பதின்மூன்று மணி நேரம் வரை மின்வெட்டு இருந்தது. அப்படிப்பட்ட இரவுகளில் ஒரு பல்பும் ஒரு போனும் எவ்வளவு பெரிய விஷயம் என்று நான் சொல்லத் தேவையில்லை.

இனி ஆபத்தின் பக்கம் வருகிறேன்.

டிரில் பேட்டரி பவர் பேங்க் மாதிரி மெதுவாகக் கொடுக்கப் பழக்கப்பட்டதல்ல. கான்கிரீட்டில் பிட் இறுகி மோட்டார் முக்கும்போது பத்து, இருபது, முப்பது ஆம்பியர் என்று ஒரே மூச்சில் கொட்ட வேண்டும். அதற்கென்றே தேர்ந்தெடுத்த செல்கள் அவை. நம் பல்பு கேட்கிற அரை ஆம்பியர் அதற்கு ஓய்வெடுப்பது போலத்தான். அதனால்தான் வீட்டு உபயோகத்தில் அது சூடுகூட ஆவதில்லை. ஆனால் அதே வலிமை, இரண்டு வயர்கள் தப்பித் தவறி ஒன்றோடொன்று தொட்டுவிட்டால் நமக்கு எதிராகத் திரும்பும். மெல்லிய வயர் சில நொடிகளில் பழுத்துச் சிவந்து, மேலுறை உருகி, பக்கத்தில் இருப்பது பற்றிக்கொள்ளும். வீட்டு மெயினில் இருப்பது போல எம்.சி.பி. எதுவும் இங்கே நமக்காகக் காத்திருக்கவில்லை.

இன்னொன்று பலருக்குத் தெரியாதது. செல்லின் வோல்டேஜ் அளவுக்கு மீறிக் கீழே இறங்கக் கூடாது. 3 வோல்ட்டில் நிறுத்துவது நல்லது, 2.5-க்குக் கீழே போனால் கெடுதல். டிரில்லில் மாட்டியிருக்கும்போது அந்த எல்லையில் டிரில் தானாக நின்றுவிடும். 'பேட்டரி இறங்கிடுச்சு' என்று கழற்றி மாற்றுகிறோம். பல கம்பெனிகளின் அமைப்பில் இப்படி நிறுத்துகிற வேலையைப் பேட்டரி செய்வதில்லை, டிரில்லுக்குள் இருக்கும் சர்க்யூட் செய்கிறது. பேட்டரியைக் கழற்றி நம் அடாப்டரில் மாட்டியதும் அந்தக் காவலாளி இல்லாமல் போகிறான். பல்பு மெல்ல மெல்ல மங்கி, கடைசிச் சொட்டு வரை உறிஞ்சிவிடும். அளவுக்கு மீறி இறங்கிய செல்லுக்குள் செப்புத் தகடு கரையத் தொடங்கும். பிறகு சார்ஜ் ஏற்றும்போது அந்தச் செம்பு வேண்டாத இடத்தில் படிந்து உள்ளேயே ஷார்ட் ஆகக்கூடும். அப்படிப்பட்ட பேட்டரியை நல்ல சார்ஜர் ஏற்க மறுக்கும். அதை இன்னொரு பேட்டரியோடு வயர் கொடுத்து 'எழுப்புகிற' வித்தை ஒன்று பட்டறைகளில் நடக்கிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், செய்கிறவரையும் தடுத்து நிறுத்துங்கள்.

ஆக, அடாப்டர் செய்கிறவர் மின்சாரத்தை எடுத்துக்கொள்வதோடு அந்தக் காவல் வேலையையும் சேர்த்து ஏற்றுக்கொள்கிறார். ஃபியூஸ், லோ வோல்டேஜ் கட்-ஆஃப் இரண்டும் இல்லாமல் வயரை நேராக இழுத்து ஓட்டுவது அடாப்டரே அல்ல. இதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

செய்முறைக்கு வருவோம். பேட்டரி வந்து சறுக்கி உட்காரும் அடித்தட்டு ஒன்று வேண்டும். அந்தந்தக் கம்பெனி மாடலுக்கு ஏற்ற பிளாஸ்டிக் தட்டு, சிவப்பு, கறுப்பு வயரோடு ஆன்லைனில் கிடைக்கிறது. அதைவிட எனக்குப் பிடித்த வழி ஒன்று உண்டு. மோட்டார் எரிந்துபோன பழைய டிரில் ஒன்று எந்த ரிப்பேர் கடையிலும் மூலையில் கிடக்கும். அடிமாட்டு விலைக்குத் தருவார்கள். ஸ்குரூக்களைக் கழற்றி உடலை இரண்டாகப் பிரித்தால் கைப்பிடியின் அடியில் பேட்டரி கடிக்கிற செப்பு நாக்குகள் பொருத்திய துண்டு தெரியும். அதிலிருந்து இரண்டு தடித்த வயர்கள் மேலே விசை ஸ்விட்ச்சுக்குப் போகும். ஸ்விட்ச்சின் அருகே அவற்றை வெட்டினால் நமக்கு வேண்டிய நீளம் கிடைத்துவிடும். இரண்டையும் ஒரே நேரத்தில் வெட்டாதீர்கள். பேட்டரி மாட்டாமல் இருந்தாலும் அந்தப் பழக்கம் நல்லது. நடுவில் மெல்லிய வயர் ஒன்றிரண்டு இருக்கும். அவை பேட்டரியின் சூட்டையும் அடையாளத்தையும் டிரில்லுக்குச் சொல்பவை. நமக்கு அவை தேவையில்லை. ஒவ்வொன்றையும் தனித்தனியாக டேப் சுற்றி ஒதுக்கி வையுங்கள். பிரஷ் இல்லாத மோட்டார் வைத்த புது டிரில்களில் நடுவே ஒரு சர்க்யூட் போர்டு வந்துவிடும். பழைய பிரஷ் மோட்டார் டிரில்தான் இதற்குச் சௌகரியம்.

அடித்தட்டில் பேட்டரியை மாட்டி, மீட்டரை டி.சி. வோல்ட்டில் வைத்து இரண்டு வயர் நுனிகளையும் தொட்டுப் பாருங்கள். சிவப்பு வயரில் சிவப்பு முனை, கறுப்பில் கறுப்பு. எண்ணுக்கு முன்னால் கழித்தல் குறி வந்தால் வயரின் நிறம் உங்களை ஏமாற்றியிருக்கிறது. பார்த்து முடித்ததும் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். எல்லா இணைப்பும் முடிகிற வரை அது மேசையின் மறுமுனையில் இருக்கட்டும்.

பாசிட்டிவ் வயரில் முதலில் வருவது ஃபியூஸ். பைக் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் கிடைக்கும் பிளேடு ஃபியூஸும் அதன் ஹோல்டரும் போதும். அவை 32 வோல்ட் டி.சி. வரைக்கும் செய்யப்பட்டவை. அடித்தட்டிலிருந்து நான்கு விரற்கடை தூரத்துக்குள் ஃபியூஸ் வந்துவிட வேண்டும். அதற்கு முன்னால் இருக்கிற வயருக்கு எந்தப் பாதுகாப்பும் இல்லை என்பதை நினைவில் வையுங்கள். எத்தனை ஆம்பியர்? அதிகபட்சம் 60 வாட் எடுக்கப் போகிறோம் என்றால், பேட்டரி இறங்கி 15 வோல்ட்டில் நிற்கும் நேரத்தில், மாட்யூலில் சூடாகப் போவதையும் சேர்த்து நாலரை ஆம்பியர் ஓடும். ஆகவே 7.5 ஆம்பியர் ஃபியூஸ். அது அடிக்கடி போகிறது என்று 20 ஆம்பியர் போடுகிறவர் பல்பைக் காப்பாற்றவில்லை, வயரைக் கொளுத்த ஏற்பாடு செய்கிறார். வயர் 1.5 சதுர மில்லிமீட்டர் இருக்கட்டும்.

ஃபியூஸுக்கு அடுத்தது ஒரு ஸ்விட்ச். சுவரில் இருக்கும் ஏ.சி. ஸ்விட்ச் வேண்டாம், டி.சி.க்கு உரிய ராக்கர் ஸ்விட்ச்சாகக் கேட்டு வாங்குங்கள். அதற்கு அடுத்தது லோ வோல்டேஜ் கட்-ஆஃப் மாட்யூல். எத்தனை வோல்ட்டில் நிறுத்த வேண்டும் என்பதை நாமே அதில் குறித்து வைக்கலாம். ஐந்து செல்லுக்கும் சேர்த்து 15 என்று வைத்தால் சரி. பேட்டரி நீண்ட நாள் உழைக்க வேண்டும் என்று நினைப்பவர்கள் 16 வைக்கலாம்.

அதன் பிறகுதான் பக் கன்வெர்ட்டர். 21-ஐயோ 16-ஐயோ வாங்கிக்கொண்டு, கேட்ட 12 வோல்ட்டைச் சீராகக் கொடுக்கிற சிறு பலகை அது. சென்னை ரிச்சி தெருவில் எல்.எம். 2596 என்று கேட்டால் எந்தக் கடையிலும் எடுத்துக் கொடுப்பார்கள். மூன்று ஆம்பியர் என்று சொல்வார்கள். ஹீட் சிங்க் இல்லாமல் இரண்டுக்கு மேல் இழுக்க வேண்டாம். கூடுதலாகத் தேவைப்பட்டால் ஐந்து ஆம்பியர் எக்ஸ்.எல். 4015 இருக்கிறது. இந்தப் பலகையின் மேல் பித்தளைத் தலை வைத்த சின்ன நீலப் பெட்டி ஒன்று இருக்கும். அதைத் திருகினால் அவுட்புட் வோல்டேஜ் மாறும். ஒரு சுற்றில் ஒன்றும் தெரியாது, பல சுற்று திருக வேண்டும். மீட்டரைப் பார்த்துக்கொண்டே பொறுமையாகத் திருகுங்கள். புதிதாக வாங்கிய பலகை எந்த வோல்டேஜில் வரும் என்று சொல்ல முடியாது. மீட்டரில் 12 நிலையாக நிற்கும் வரை ரூட்டர் அதன் பக்கத்திலேயே வரக் கூடாது. ரூட்டரிலும் 12 என்றுதான் எழுதியிருக்கிறதா, 9 என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பின் ஒரே அளவில் இருப்பதால் மாற்றிச் செருகுவது மிக எளிது.

எல்லாவற்றையும் ஒரு பி.வி.சி. ஜங்ஷன் பாக்ஸில் அடக்கலாம். காற்றுப் போக ஓட்டை போடுங்கள். அறுபது வாட் எடுத்தால் ஐந்தாறு வாட் சூடாகவே வெளியேறும். சால்டர் செய்த இடங்களில் ஹீட் ஷ்ரிங்க் போடாமல் மூடாதீர்கள்.

பலகை, திருகல் எதுவும் வேண்டாம் என்பவர்களுக்கு இன்னும் சுலபமான வழி உண்டு. ஃபியூஸுக்கும் கட்-ஆஃபுக்கும் பிறகு, காரில் சிகரெட் லைட்டர் இருக்கும் இடத்தில் வருகிற சாக்கெட்டை இணைத்துவிடுங்கள். அதில் 12–24 வோல்ட் என்று எழுதிய நல்ல கம்பெனி கார் சார்ஜரைச் செருகினால் வேலை முடிந்தது. லாரிகளின் 24 வோல்ட்டுக்கும் தாங்கும்படி செய்த சார்ஜர் என்பதால் நம் 21 வோல்ட் அதற்கு ஒரு பொருட்டல்ல. சால்டரிங் அயர்ன் பிடித்துப் பழக்கமில்லாத வாசகர்களுக்கு நான் இதைத்தான் சிபாரிசு செய்வேன். ஆனால் 12 வோல்ட் பொருள் எதையும் அந்தச் சாக்கெட்டில் நேரே செருகக் கூடாது. வருவது 12 அல்ல, 21 என்று பெட்டியின் மேலேயே எழுதி ஒட்டிவிடுங்கள்.

லேப்டாப் பற்றி ஒரு சொல். டைப்-சி சார்ஜிங் உள்ள பல லேப்டாப்கள் 20 வோல்ட் கேட்கும். நம் பேட்டரியோ சார்ஜ் இறங்க இறங்க இருபதுக்குக் கீழே வந்துவிடும். குறைக்க மட்டும் தெரிந்த பக் கன்வெர்ட்டரால் அப்போது 20 தர முடியாது. குறைக்கவும் ஏற்றவும் தெரிந்த பக்-பூஸ்ட் வகை வேண்டும். பேட்டரியை நேரடியாக லேப்டாப் பின்னில் கொடுத்துப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். பல்லாயிரம் ரூபாய்ப் பொருளை வைத்து அந்தச் சோதனை வேண்டாம்.

வேலை முடிந்ததும் பேட்டரியை அடாப்டரிலிருந்து கழற்றி வையுங்கள். ஸ்விட்ச் போட்டபடியே மறந்துவிட்டால், பல்பு எதுவும் எரியாவிட்டாலும் மாட்யூல்களில் மினுக்கும் குட்டி விளக்குகள் இழுத்துக்கொண்டே இருக்கும். கட்-ஆஃப் பலகையும் தனக்கென்று கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். மற்றதை நிறுத்திய பிறகும் அது எடுப்பது நிற்காது. வெறும் 10 மில்லியாம்பியர் என்றாலும் 4 ஆம்பியர் மணி பேட்டரி பதினேழு நாளில் காலி. சார்ஜ் போடுவதற்கு அதன் சொந்த சார்ஜரை மட்டும் பயன்படுத்துங்கள். நம் அடாப்டர் வழியாகத் திருப்பிச் சார்ஜ் ஏற்ற நினைக்கவே வேண்டாம். மாதக்கணக்கில் சும்மா வைப்பதாக இருந்தால் பாதிச் சார்ஜில், வெயில் படாத இடத்தில் வையுங்கள். சித்திரை மாதத்தில் தகரக் கொட்டகைக்குள்ளும் வண்டியின் டிக்கிக்குள்ளும் விட்டுவைத்த பேட்டரிகள் சீக்கிரம் போய்விடும். பேட்டரியை உடைத்துத் திறந்து செல்களை எடுத்து வேறு பேட்டரி கட்டுவது முற்றிலும் வேறு தொழில். அதை இந்தப் பக்கத்தில் நான் சொல்லித்தர மாட்டேன்.

உப்பிய பேட்டரி, நீர் புகுந்த பேட்டரி, கீழே விழுந்து விரிசல் கண்ட பேட்டரி எதுவும் அடாப்டருக்கு ஆகாது. அவற்றைக் குப்பைத் தொட்டியிலும் போடக் கூடாது. குப்பை வண்டியில் நசுங்கினால் தீப்பிடிக்கும். 2022 ஆகஸ்டில் மத்திய அரசு கொண்டுவந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, பயன்படுத்திய பேட்டரியைத் திரும்பப் பெறுகிற பொறுப்பு தயாரிப்பாளருக்கு உண்டு. வாங்கிய கடையிலோ சர்வீஸ் சென்டரிலோ கொண்டுபோய்க் கொடுத்து, ஏற்கும்படி கேளுங்கள்.

கம்பி இல்லாத டிரில்லுக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. பிளாக் அண்ட் டெக்கர் நிறுவனம் 1961-இல் நிக்கல் காட்மியம் பேட்டரியோடு அதைக் கொண்டுவந்தது. பத்தாண்டுகள் கழித்து அப்போலோ 15 பயணத்தில் நிலவின் தரையைத் துளைக்கவும் பேட்டரி டிரில்தான் போனது. இவ்வளவு வரலாறு இருந்தும், ஒரு கம்பெனியின் பேட்டரி இன்னொரு கம்பெனியின் கருவியில் உட்காராது என்ற நிலை இன்றும் பெரும்பாலும் மாறவில்லை. ஐரோப்பாவில் மெட்டாபோ 2018-இலும், போஷ் அதற்குப் பிறகும் மற்ற நிறுவனங்களோடு பேட்டரியைப் பகிர்ந்துகொள்ளும் கூட்டணிகளைத் தொடங்கின. நல்ல தொடக்கம். உள்ளே இருப்பது எல்லாவற்றிலும் அதே ஐந்து செல் என்னும்போது, வெளியே இருக்கும் பிளாஸ்டிக் வடிவத்தை வைத்து ஒரு தச்சரை மூன்று சார்ஜர் வாங்க வைப்பது நியாயமில்லை என்பது என் கருத்து. மகிட்டா, டிவால்ட், மில்வாக்கி ஆகிய நிறுவனங்கள் தங்கள் பேட்டரியின் மேல் மாட்டும் யு.எஸ்.பி. அடாப்டர்களைத் தாங்களே விற்கின்றன. உங்கள் மாடலுக்கு அது கிடைத்து, விலையும் கட்டுப்படியானால் அதையே வாங்குங்கள். கம்பெனி அடாப்டர் பேட்டரியின் எல்லையை அறிந்து செய்யப்பட்டது.

ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். வயர் தேர்வு, ஃபியூஸ் கணக்கு, மல்டிமீட்டர், சால்டரிங், டி.சி. கன்வெர்ட்டர் என்று ஒரு பருவத்தில் பிரித்துப் பிரித்துக் கற்றுத்தரும் அத்தனையும் இந்த ஒரு பெட்டிக்குள் இருக்கிறது. மாணவர்கள் செய்து முடித்ததை வீட்டுக்கு எடுத்துப் போகலாம். அடுத்த மழை இரவில் அது வேலை செய்யும். உங்கள் ஒர்க்‌ஷாப்பில் இதை ஒரு பாடமாக வைக்க முடியுமா என்று யோசியுங்கள். வைத்தால் எங்களுக்கு எழுதுங்கள், படத்தோடு வெளியிடுகிறோம். வீட்டில் செய்யப்போகும் மற்ற வாசகர்கள் கடைக்குப் போகும்போது முதலில் ஃபியூஸையும் மல்டிமீட்டரையும் வாங்குங்கள், மற்றவை அதற்குப் பிறகு.

அன்புடன்,
ஆசிரியர்